ஆறாம் எண் பந்து

ஒரு விளையாட்டுப் போட்டி பெண்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அறிய ஆட்டம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஃபிக்சர் தாளைப் பார்த்தால் போதும். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் வழியெங்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் சென்ற பிப்ரவரியில் மூன்று நாள் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. வாசல் பேனரில் கோப்பையின் பெயர், நிறுவனர் படம், சிறப்பு விருந்தினர் படம், பந்தோடு தாவும் ஓர் ஆணின் படம். கீழே சின்ன எழுத்தில் 'பெண்கள் பிரிவும் உண்டு'. ஓட்டல் பலகையில் 'பார்சலும் உண்டு' என்று எழுதுவார்களே, அதே 'உண்டு'.

தாளில் பெண்கள் ஆட்டங்கள் பகல் 1.30க்கும் 3 மணிக்கும். ஆண்கள் ஆட்டங்கள் காலை 7.30க்கு, 9 மணிக்கு, மாலை 5க்கு, பிறகு ஃப்ளட்லைட்டில் 6.30க்கும் 8க்கும். ஆடுகளம் திறந்தவெளி சிமெண்ட் தரை. பிப்ரவரிதானே என்று நினைக்க வேண்டாம். பகல் ஒன்றரை மணிக்கு அந்தத் தரையில் ஷூவைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் தெரியும். ஏன் இப்படி என்று ஏற்பாட்டாளர்களில் ஒருவரிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "பொண்ணுங்க இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சேரணும் இல்லையா மேடம்?" சேரத்தான் வேண்டும். ஆனால் காலை 9 மணி இருட்டு இல்லையே. வெயில் ஏறாத நேரம், வெளிச்சம் போட்ட நேரம் இரண்டையும் ஆண்களுக்கு எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைப் பெண்களுக்குக் கொடுத்தபின், அந்த மிச்சத்துக்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

இந்தப் பாதுகாப்புக்குக் கூடைப்பந்தின் வயதேதான் வயது. 1891இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே பக்கத்து ஊரில் இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரிக்கு அதை எடுத்துச் சென்றவர் செண்டா பெரன்சன் என்ற உடற்கல்வி ஆசிரியை. 1893 மார்ச்சில் அங்கே முதலாமாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதினார்கள். பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. கேலரி முழுக்கப் பெண்கள், அவர்களுடைய கூச்சல். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஆனால் அதே பெரன்சன்தான் பெண்கள் களைத்துப்போகக் கூடாது, முரட்டுத்தனம் பழகக் கூடாது என்று ஆடுகளத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தவர். ஒரு கட்டத்தில் நிற்பவள் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. எதிராளியின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறிக்கக் கூடாது. அக்கறையில் போட்ட கோடுதான், ஆனால் அழிய எவ்வளவு காலம் ஆனது பாருங்கள்: அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பள்ளிகளில், அணிக்கு ஆறு பேராகப் பாதி ஆடுகளத்தைத் தாண்டாமல் பெண்கள் ஆடும் முறை 1993இல்தான் முடிந்தது.

நம் ஊருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் நேர்த் தொடர்பு உண்டு. 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் அங்கே படித்தவர். நந்தனத்தில் இன்றும் இருக்கும் அந்தக் கல்லூரியில் படித்து வந்த பி.டி. ஆசிரியர்கள்தான் நம்மில் பலருக்கு விசில் ஊதியவர்கள். அந்தச் சங்கத்தின் பெயரிலேயே 'இளைஞர்' இருக்கிறது, இளைஞி இல்லை என்பதைச் சும்மா சொல்லிவைக்கிறேன்.

இனி ஆட்டம். பெண்கள் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். தடைகளைப் பட்டியலிட்டுவிட்டு, சாதித்தாள் என்று முடித்துவிடுகிறார்கள். எப்படி ஆடினாள் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டாம் நாள் மூன்று மணி அரையிறுதியை நான் முழுதாகப் பார்த்தேன். ஒரு பக்கம் நகரத்துக்குள்ளிருந்து வந்த அணி. உயரமான பெண்கள், பலர் விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர்கள், வார்ம்அப்பே ஒழுங்காக இருந்தது. இன்னொரு பக்கம் ஆவடிப் பக்கத்துப் பெண்கள் கல்லூரி ஒன்று. எட்டே பேர். வார்ம்அப்பில் அவர்கள் போட்டது ஏழாம் எண் பந்து.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வளையத்தின் உயரம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான், 3.05 மீட்டர். மூன்று புள்ளிக் கோடும் ஒன்றுதான், 6.75 மீட்டர். ஆடுகளமும் நேரமும் ஒன்று. வேறுபடுவது பந்து மட்டும். பெண்களுக்கு ஆறாம் எண். ஏழாம் எண்ணைவிடச் சுற்றளவு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைவு, எடையும் ஐம்பது அறுபது கிராம் குறைவு. அற்ப வித்தியாசமாகத் தெரியலாம். ஆனால் ஒற்றைக் கையில் பந்தைப் பிடித்துத் திருப்புகிறவளுக்கு அந்த ஓர் அங்குலம்தான் எல்லாம். ஏழாம் எண்ணில் ஆண்டு முழுக்கப் பழகி, போட்டியன்று மட்டும் ஆறாம் எண்ணைத் தொடுகிறவளின் ஷாட் வளையத்தைத் தாண்டிப் போகும். கை பழகிய எடை வேறு. அன்று முதல் ஐந்து நிமிடம் அந்த அணியின் பந்துகள் பலகையில் பட்டுப் பட்டு வெளியேறியதற்குப் பதற்றம் மட்டும் காரணமில்லை. கல்லூரியின் பந்துக் கூடையில் இருப்பது ஆண்கள் அளவு. பெண்களே படிக்கும் கல்லூரியிலும் அப்படி இருக்கிறது என்பதுதான் விசேஷம். கடையில் 'பாஸ்கெட் பால்' என்று கேட்டால் ஏழாம் எண்ணைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள், வாங்கிவருகிறவரும் கேட்பதில்லை.

அந்த அணியின் பாயிண்ட் கார்டு ஒன்பதாம் எண். ஐந்தடி இருந்தால் அதிகம். நகர அணி முழு ஆடுகளத்துக்கும் பிரஸ் போட்டது. பந்தை எட்டு நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும், இரண்டு பேர் மேலே வந்து விழுகிறார்கள். இவள் தலையைக் குனியவே இல்லை. பந்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துக்கொண்டு, இருவரும் நெருங்கும்வரை வேண்டுமென்றே காத்திருந்து, கடைசி நொடியில் நடுவில் நழுவினாள். முதல் பாதியில் ஐந்து முறை இதைச் செய்தாள். ஐந்தாவது முறை நகர அணியின் கோச் பிரஸ்ஸை எடுத்துவிட்டார். எதிரணியின் திட்டத்தையே மாற்றவைத்த இந்த விஷயம் ஸ்கோர் ஷீட்டில் எங்கும் பதிவாகாது.

ஆனால் அவள் வலப்பக்கம் மட்டுமே போனாள். இடது கையில் இரண்டு தட்டு தட்டினாலே பந்து அவளை மீறியது. மூன்றாவது கால்பகுதியில் அந்த கோச் இதைக் கண்டுகொண்டு அவளுடைய வலப்பக்கத்தை அடைத்துவிட்டார். எட்டுப் புள்ளி முன்னிலை கரைந்தது. ஃப்ரீ த்ரோ இன்னும் மோசம்: அணி முழுக்கப் பதினொன்று போட்டு நான்குதான் விழுந்தது. யாரும் தடுக்காமல், நின்ற இடத்தில் நின்று போடுகிற பந்து அது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் இருந்த ஒரு பேராசிரியை, பந்து வளையத்துக்கு வெளியே போனாலும் "சூப்பர் சூப்பர்" என்று கைதட்டினார். நல்ல மனசு. ஆனால் அந்தக் கைதட்டலில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இவளிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்ற தீர்ப்பு. ஆண்கள் ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டவனைக் கேலரி திட்டித் தீர்த்தது. அவனை ஆட்டக்காரனாக எடுத்துக்கொண்டதால் வந்த கோபம் அது. நமக்கு அந்தக் கோபம் வர வேண்டும். பெண் உடல் பார்க்கப்படாமல் இருந்ததே இல்லை. தெருவில், பஸ்ஸில், மண்டபத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவள் ஆட்டத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

கடைசி நிமிடத்தில் 47க்கு 45 என்று ஆவடி அணி முன்னிலை. ஒன்பதாம் எண் பந்தைத் தட்டிப் பறித்து ஓடினாள். வலப்பக்கம் அடைத்திருந்தது, இடப்பக்கம் போனாள், இடது கையில் லேஅப் போட்டாள். விழவில்லை. பின்னாலேயே ஓடிவந்த பதினான்காம் எண் ரீபவுண்டை எடுத்துப் போட்டாள். கறுப்புத் துணியில் தலையைச் சுற்றிக் கட்டியிருந்த பெண் அவள். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு ஆட்டத்தில் தலைமறைப்பை அனுமதித்தது 2017இல்தான். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, இன்ச்சான் ஆசிய விளையாட்டில், கத்தார் பெண்கள் அணி ஹிஜாபைக் கழற்ற மறுத்து ஆடாமலே ஊர் திரும்பியது. மறைக்கச் சொல்கிறவர்கள் கழற்றச் சொல்கிறவர்கள் இருவருக்கும் நடுவில் ஒருத்தி ரீபவுண்டுக்கு எம்புவதற்கே ஒரு விதித்திருத்தம் தேவைப்பட்டிருக்கிறது. அன்று 50க்கு 47 என்று ஆவடி அணி வென்றது.

கேலரியில் யார் இருந்தார்கள்? மாலை ஆட்டத்துக்கு இடம் பிடிக்க முன்கூட்டியே வந்த பையன்கள் மேல்படிகளில் போனைப் பார்த்தபடி இருந்தார்கள். மைக் பிடித்தவர் ஒவ்வொரு பெண்கள் அணி உள்ளே வரும்போதும் 'சிங்கப்பெண்கள்' என்றார், ஒரே பாட்டைப் போட்டார். ஆண்கள் அணிகளுக்குக் கல்லூரிப் பெயர், கேப்டன் பெயர் எல்லாம் சொன்னவர் அவர்தான். சிங்கம் என்று சொல்லிவிட்டால் பெயர் சொல்லும் வேலை மிச்சம் போலிருக்கிறது.

கீழ்ப்படியில் ஒரு அம்மா வயர்கூடையோடு உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் எண்ணின் தாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. "அர நாள் லீவு போட்டு வந்தேன் மேடம். இவ ஆடுறத இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். எது இரண்டு, எது மூன்று என்று நான் சொல்லச் சொல்லப் பிடித்துக்கொண்டார். நான்காவது கால்பகுதியில் எனக்கு முன்னால் அவர் எழுந்து, "அந்தப் பக்கம் விடாத புள்ள, அந்தப் பக்கம்!" என்று கத்திக்கொண்டிருந்தார். வீட்டிலும் தையல் மெஷின் முன்னாலும் அவர் குரலை இவ்வளவு உயர்த்தியிருப்பாரா தெரியவில்லை. ஒரு ரசிகை உருவாக நாற்பது நிமிட ஆட்டம் போதும். அந்த நாற்பது நிமிடத்துக்கு அவர் அரை நாள் கூலியைக் கொடுத்திருக்கிறார். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து அவர் காசில்லாமல் வந்துவிடலாம். வேலை நாளில் 3 மணிக்கு வந்து உட்கார்வதுதான் முடியாது. வேலைக்குப் போகும் பெண் பார்க்கவே முடியாத நேரத்தில் ஆட்டத்தை வைத்துவிட்டு, பெண்கள் ஆட்டத்துக்குப் பெண்களே வருவதில்லை என்கிறோம்.

இதற்கு ஒரு சோதனை தானாகவே நடந்தது. மூன்றாம் நாள் பெண்கள் இறுதி ஆட்டம் நான்கு மணிக்கு. சிறப்பு விருந்தினர் வந்து, வரிசையாக நிற்கும் ஆட்டக்காரிகளிடம் கைகுலுக்கிய பிறகே பந்தை மேலே போட வேண்டும். அவர் வந்தது ஐந்து நாற்பதுக்கு. பெண்கள் இறுதிக்கு ஃப்ளட்லைட் போட வேண்டியதாகிவிட்டது. கேலரியும் அதற்குள் நிரம்பிவிட்டது, ஆண்கள் இறுதியைப் பார்க்க வந்த கூட்டத்தால்.

தொடக்கத்தில் கேலிதான். விசில், பெண் குரலில் பேசிக்காட்டுவது, உடம்பைப் பற்றி ஓரிரு வார்த்தைகள். இரண்டாவது கால்பகுதியின் நடுவில் ஒன்பதாம் எண் இரண்டு பேரை ஒரே திருப்பில் கழற்றிவிட்டபோது மேல்படியில் ஒருவன் தன்னை மறந்து "ஏய்ய்!" என்றான். அடுத்து ஒரு ஃபவுல் கொடுக்கப்படவில்லை. "ரெஃப், கைல அடிச்சாங்க ரெஃப்!" என்று பத்துக் குரல். மூன்றாவது கால்பகுதியில் அவர்கள் தங்களுக்குள் ஸோன் டிஃபன்ஸ் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை, யாரும் திருந்திவிடவும் இல்லை. வெளிச்சமும் நெருக்கமான ஆட்டமும் இருந்தால் அரை மணி நேரத்தில் இவ்வளவு நடக்கிறது.

ஆனால் அதே மூன்றாவது கால்பகுதியில் கேலரியின் இடப்பக்கம் திடீரென்று காலியானது. விடுதிப் பெண்கள். ஆறரைக்குள் கேட்டுக்குள் இருக்க வேண்டும். வார்டன் வந்து நின்றார், நாற்பது ஐம்பது பேர் எழுந்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். தங்கள் வளாகத்திலேயே, இருநூறு அடி தூரத்தில் நடக்கும் இறுதி ஆட்டத்தின் முடிவை அவர்கள் ஜன்னல் வழியாகச் சத்தமாகக் கேட்டிருப்பார்கள். மிச்ச ஆட்டத்தை ஆண்கள்தான் பார்த்தார்கள். 1893இல் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே, உள்ளே இருந்தவர்கள் வெளியே. ஆவடி அணி 38க்கு 52 என்று தோற்றது. ஏழே பேர், கால் ஓய்ந்துபோயிற்று. எட்டாமவளுக்கு முதல் நாள் வெயிலில் ஆடிக் காய்ச்சல்.

கூட்டம் என்பது தானாக விளைவதில்லை என்பதற்கு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தே பெரிய சாட்சி. அங்கே என்.சி.ஏ.ஏ பெண்களுக்கான தேசியப் போட்டியை நடத்தத் தொடங்கியது 1982இல். 2021இல் ஆண்கள் அணிகளுக்கு ஒரு மண்டபம் நிறைய உடற்பயிற்சிக் கருவிகளும், பெண்கள் அணிகளுக்கு ஓர் அடுக்கு டம்பெல்லும் கொடுத்தார்கள். செடோனா பிரின்ஸ் என்ற ஆட்டக்காரி அதைப் படம் எடுத்துப் போட்டு உலகம் பார்த்தது. 'மார்ச் மேட்னஸ்' என்ற புகழ்பெற்ற பெயரைப் பெண்கள் போட்டிக்கும் பயன்படுத்த விட்டது அதற்கு அடுத்த ஆண்டுதான். 2024இல் பெண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 87 லட்சம் பேர், ஆண்கள் இறுதியை 1 கோடியே 48 லட்சம். கெயிட்லின் கிளார்க் என்ற ஒருத்தியின் மாயம் என்று எழுதினார்கள். அவள் மாயக்காரிதான், அதிலும் பெண்களைப் பாதி ஆடுகளத்தில் நிறுத்திவைத்த அதே ஐயோவாவில் வளர்ந்தவள். ஆனால் அந்த ஆண்டு பெண்கள் இறுதி எல்லா வீடுகளுக்கும் வரும் ஏ.பி.சி.யில், ஆண்கள் இறுதி கேபிளில் ஒளிபரப்பானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்களுக்குப் பெரிய ஜன்னலைத் திறந்தார்கள், பார்க்க ஆள் வந்தது. அந்த ஆட்டமும் பிற்பகலில்தான். ஞாயிற்றுக்கிழமை, கூரை போட்ட அரங்கில்.

நம் சினிமா பெண் விளையாட்டைத் திரைக்குக் கொண்டுவந்தது, மறுக்கவில்லை. 'இறுதிச்சுற்று' 2016, 'கனா' 2018, 'பிகில்' 2019. மூன்றிலும் அவளை வெல்லவைப்பவர் ஓர் ஆண் பயிற்சியாளர். மூன்றில் 'இறுதிச்சுற்று' எனக்குப் பிடிக்கும், குத்துச்சண்டையைக் குத்துச்சண்டையாகக் காட்டியதற்காக. 'பிகில்' படத்தில் கோல் விழும்போதெல்லாம் நாம் பார்ப்பது நாயகனின் முகத்தை. பதினொரு பெண்கள் ஓடி வியர்த்தது அவர் புன்னகைக்காக என்று ஆகிவிடுகிறது. மைக் பிடித்தவர் போட்ட பாட்டும் அந்தப் படத்துடையதுதான்.

அரையிறுதி முடிந்ததும் அந்தத் தாய் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இத ஆடுனா வேல கெடைக்குமா மேடம்?" வெற்றுக் கேள்வி இல்லை அது. இந்தியாவில் பெண்கள் கூடைப்பந்தைப் பல பத்தாண்டுகளாகத் தாங்கி நிற்பது ரயில்வே வேலை. சென்னையில் பிறந்த அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். 2001 முதல் 2017 வரை இந்திய அணியில் ஆடியவர். பிள்ளை பெற்று, மறுபடி உடலைத் தயார்செய்து திரும்பி, 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவை வென்ற அணியில் இருந்தார். இறுதியில் கஜகஸ்தானை 75க்கு 73 என்று வென்றார்கள். 2021இல் பத்மஸ்ரீ. அவருடைய அணித்தோழி கீத்து அன்னா ஜோஸ், 2011இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கின் தேர்வு முகாம்கள்வரை போனவர், அவரும் தெற்கு ரயில்வேதான். மாதச் சம்பளம் இருந்ததால்தான் இவர்களால் முப்பது வயதிலும் ஆட முடிந்தது. ரயில்வே, போலீஸ், இன்னும் சில அரசுத் துறைகள். அந்தக் கதவுகளில் நுழைகிறவர்கள் ஒரு கை விரல்களில் அடங்குவார்கள். அந்த எட்டுப் பேரில் யாரும் நுழையாமல் போகலாம். அந்த அம்மாவிடம் இதை மறைக்காமல் சொன்னேன். "சரி, இன்னும் ஒரு வருசம் ஆடட்டும்" என்றார்.

ஒரு வருடம் என்பது மூன்றாமாண்டு. அதன் பிறகு என்ன என்பதைப் பற்றித்தான் இந்தப் புத்தகத்தைப் படிக்கும் மாணவிகளிடம் எனக்குப் பேச்சு. கல்லூரி முடித்த ஆண் தேசிய அணிக்குப் போவதில்லை, ஆனால் ஆட்டத்தை விடுவதும் இல்லை. ஞாயிறு காலை எங்கள் பகுதிப் பூங்கா ஆடுகளத்தில் நாற்பது வயதுக்காரர்கள் தொப்பையோடு ஆடிவிட்டு டீக்கடையில் ஸ்கோரைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அதே ஆடுகளத்தில் ஆடிய பெண்களை நான் கல்யாண மண்டபங்களில் பார்க்கிறேன். "நீ இன்னும் ஆடுறியா?" என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை. வேலையாக மாறாத, பதக்கம் தராத, யாருக்கும் பயன்படாத ஆட்டம் ஒரு பெண்ணுக்குத் தேவைப்படும் என்று நாமே ஒருவருக்கொருவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தப் போட்டிக்குப் பிறகு நாங்கள் ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். இருவர் முன்னாள் கல்லூரி ஆட்டக்காரிகள், ஒருவர் அம்பத்தூரில் செவிலியர், மற்றவர்களுக்கு டிரிபிள் செய்யவே இப்போதுதான் வருகிறது. ஞாயிறு காலை 6 மணிக்கு அரை ஆடுகளம் கேட்டிருக்கிறோம், "பாக்கலாம்" என்றிருக்கிறார்கள். பத்துப் பேரானால் முழு ஆடுகளம் கேட்கலாம். ஆறாம் எண் பந்து ஒன்று வாங்கிவிட்டேன். பாரிமுனையில் மூன்று கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது.